யன்னலில் வந்த பதினெட்டு வளைவு

சாய்ந்தமருதில் கடற்கரை வீதிக்கு இங்கால, பள்ளிவாசலுக்குப் பின்னால் போகிற ஒழுங்கையில் மஜீட் காக்காவின் வீடு எது என்று கேட்டால் ஆரும் காட்டுவார்கள். ஆனால் அது அவருடைய வீடல்ல, மனைவி ஸுல்பிகாவுடையது. கல்யாணத்தின்போது அவளுடைய வாப்பா அவள் பேரில் எழுதிக் கொடுத்தது. எங்கள் பக்கத்தில் வளவும் வீடும் பெண்ணோடு நிற்கும், மாப்பிள்ளை உடுப்புப் பெட்டியோடு வந்து சேர்வார். மஜீட் காக்கா பெட்டியோடும், பஸ் ஓட்டுகிற லைசனோடும் வந்து சேர்ந்தார்.

முப்பது வருஷத்துக்கு மேல் அவர் கொழும்பு பஸ் ஓட்டினார். எல்லாம் இரவு ஓட்டம். இஷாத் தொழுதுவிட்டுப் புறப்பட்டால் விடியச் சுபஹுக்குக் கொழும்பு. அடுத்த இரவு திரும்பி வருவார். வீட்டுக்கு வந்தால் குளிப்பு, சோறு, நித்திரை. அவர் நித்திரை கெடக்கூடாது என்று ஸுல்பிகா யன்னல்களுக்கெல்லாம் வெளிச்சம் புகாத மொத்தத் திரைச்சீலை போட்டிருந்தாள். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் கடல் கிடந்தது. மஜீட் காக்கா அதை மணத்தாலும் இரைச்சலாலும்தான் அறிவார். பகல் வெளிச்சத்தில் அதைப் பார்த்தது பெருநாள் பின்னேரங்களில் மட்டும்.

கடைசியில் சீனி வருத்தம் கண்ணைப் பிடித்தது. லைசன் புதுப்பிக்கப் போன இடத்தில் டொக்டர் எழுத்துப் பலகையைக் காட்டி வாசிக்கச் சொன்னார். மஜீட் காக்கா, "எழுத்து எதுக்கு டொக்டர், ரோட்டைக் காட்டுங்க, ஓட்டிக் காட்டுறன்" என்றார். டொக்டர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடாமல் விட்டார். பஸ் முதலாளி எல்லாருக்கும் புரியாணி கொடுத்து, மஜீட் காக்காவுக்குப் பொன்னாடை போர்த்தி, பெரிய சுவர்க் கடிகாரம் ஒன்றையும் பரிசளித்தார். நேரம் பார்த்து ஓடுகிற வேலை முடிந்த அன்றுதான் அவருக்கு அது கிடைத்தது.

வீட்டுக்கு வந்தவர் கிழக்குப் பக்க அறையின் திரைச்சீலையை ஒதுக்கி, யன்னலைத் திறந்து, அதன் முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்தார். டிரைவருக்கு முன்னால் ஒரு கண்ணாடி இருக்கவேண்டும். இல்லாவிட்டால் கை எங்கே வைப்பது என்று தெரியாது. அடுத்த வளவுக்கு அங்கால் தென்னைகள், தென்னைகளுக்கு அங்கால் ஒரு நீலக்கோடு. இனிமேல் இதைத்தான் பார்த்துக்கொண்டு இருக்கப் போகிறேன் என்று அவர் நினைத்தார்.

அந்த நினைப்பு ஒரு மாதம்கூட நிலைக்கவில்லை. அடுத்த வளவு ஸுல்பிகாவின் தங்கை றுஸ்னாவுடையது. றுஸ்னாவின் புருஷன் ஜவுபர் சவூதியில் லொறி ஓட்டிச் சம்பாதித்துக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தார். வந்த கையோடு மூன்று மாடி வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினார். புளொக் கல் சுவர் மதிலோடு ஒட்டி எழும்பியது. முதலில் நீலக்கோடு போனது, பிறகு தென்னை போனது, பிறகு வெளிச்சம் போனது. யன்னலால் கையை நீட்டினால் சீமெந்து தட்டுப்பட்டது.

மஜீட் காக்கா வாய் திறக்கவில்லை. திறக்கவும் இடமில்லை. வளவு இரண்டும் ராத்தாவுக்கும் தங்கச்சிக்கும் சொந்தம், சகலன்மார் இருவரும் வந்து குடியிருக்கிறவர்கள். அவர் வழக்கம்போல அதே கதிரையில் இருந்து சுவரைப் பார்த்தார்.

"கதிரையை இங்கால பக்கம் கிறுக்கிப் போடுங்களன்" என்றாள் ஸுல்பிகா.

"கிறுக்கினா குசினி அடுப்புத்தானே தெரியிற."

"தெரிஞ்சா என்னயாம்? நான் இவ்வளவு காலமும் அதத்தானே பாத்த?"

அவர் கதிரையை அசைக்காமல் சுவருக்கே முகத்தைக் கொடுத்தார்.

மகன் றிபாத் கட்டாரில் இருந்தான். பெருநாளுக்கு அவன் காசு அனுப்பி ஒரு பெரிய டீவி வாங்க வைத்தபோது பழைய டீவி வேலையில்லாமல் மிஞ்சியது. ஸுல்பிகா அதை யாருக்காவது கொடுக்கச் சொன்னாள். மஜீட் காக்கா அதைத் தூக்கி யன்னலில் வைத்துப் பார்த்தார். அளவெடுத்துச் செய்ததுபோல அச்சொட்டாக உட்கார்ந்தது. அன்றைக்கே வெல்டிங் கடைக்குப் போய், யன்னல் கம்பியில் பூட்டுகிற மாதிரி இரும்புத் தாங்கி ஒன்று செய்வித்தார். டீவியின் கறுப்பு விளிம்பு தெரியாமல் பலகைச் சட்டம் அடித்தார். இரண்டு பக்கமும் பழைய யன்னல் கதவுகளைத் திறந்தபடி விட்டார். திரைச்சீலையையும் மேலே மாட்டினார். தூர நின்று பார்த்தால் யன்னல்தான். ஒரு வயர் மட்டும் கீழே தொங்கியது.

"யன்னலுக்கும் கரண்ட் பில் கட்டுற வீடு இந்த ஊருல இது ஒண்டுதான்" என்றாள் ஸுல்பிகா.

முதலில் அவர் போட்டது கடல். எந்த நாட்டுக் கடலோ, யூடியூப்பில் பல மணி நேரம் ஓடியது. பளிங்குத் தண்ணீர், வெள்ளை மணல், ஆளில்லாத கரை. அலை கரைக்கு வந்துகொண்டிருக்கும்போது திடீரென்று ஒரு பெண் தோன்றி முடி கொட்டுவதைப் பற்றிக் கதைப்பாள். அவள் போனதும் அலை விட்ட இடத்திலிருந்து வரும். இன்னொரு சங்கடமும் இருந்தது. சுவருக்கு அங்கால் உண்மைக் கடல் இரைந்தது. படத்தில் அலை பின்வாங்குகிற நேரம் பார்த்து அது வந்து அடித்தது. வந்து பார்த்தவர்கள் இதையெல்லாம் கவனிக்கவில்லை. "மாஷா அல்லாஹ், அசல் கடல் கெட்டுது போங்க" என்று புகழ்ந்தார்கள். நடந்து போனால் ஐந்து நிமிஷத்தில் அசல் கடலுக்குப் போகக்கூடியவர்கள் பிளேன்டியைக் குடித்துக்கொண்டு அங்கேயே இருந்தார்கள்.

ஸுல்பிகா மட்டும் அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் திரைச்சீலையை இழுத்து மூடினாள். அவர் திறந்தார். அவள் மூடினாள். மூன்றாம் நாள் அவர் கேட்டார்: "என்ன புள்ள, கண்ணு கூசுதா?"

அவள் வாசலில் நின்றபடி சொன்னாள். "கடல் இந்த யன்னலால உள்ளுக்கு வந்தத நான் ஒருக்காக் கண்டவள். நீங்க அண்டைக்குக் கொழும்புல."

மஜீட் காக்கா திரும்பி அவளைப் பார்த்தார்.

"நான் றிபாத்தத் தூக்கிக்கிட்டு றோட்டுப் பக்கமா ஓடின. வீட்ட மறுகாக் கட்டி வந்த பொறகும் இந்த யன்னலத் திறக்க எனக்கு மனமில்ல. உங்கட நித்திரைக்கென்டு திரை போட்டது பாதிதான். எனக்காகவும்தான் போட்ட. றுஸ்னாட சுவர் எழும்பின பொறகுதான் நான் நிம்மதியாப் படுக்கிற."

அந்தச் சுனாமி நாளின் கதையை அவர் எத்தனையோ தரம் கேட்டிருந்தார். அன்று காலை அவர் கொழும்பில், பஸ்ஸின் பின்சீட்டில் நித்திரையில் இருந்தார். ஊர் முழுதும் அழிந்த செய்தியை எழுப்பித்தான் சொன்னார்கள். ஆனால் இந்தத் திரைச்சீலைக் கதையை அவள் இப்போதுதான் சொல்கிறாள். அவர் ரிமோட்டை எடுத்துக் கடலை நிறுத்தினார். ஊரே அநியாயம் என்று அவருக்காகப் பரிதாபப்பட்ட அந்தச் சுவர், அவருடைய மனைவிக்கு இவ்வளவு காலமும் வேண்டியிருந்த சுவர் என்பது அவருக்குப் புதினமாகவும் கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது.

பிறகு பனி மலை போட்டார். காடு போட்டார். ஒரு நாள் முழுக்க மீன் தொட்டி ஓடியது. ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. எல்லாம் நின்ற இடத்தில் நின்றன. அவருக்குப் பழக்கமான உலகம் முன்னால் இருந்து கிளம்பி வந்து, இரண்டு பக்கத்தாலும் பிரிந்து பின்னால் போகிற உலகம். ஒரு காலையில் போனை வாய்க்குக் கிட்டப் பிடித்து, "அம்பாறை, மஹியங்கனை, கண்டி ரோட்" என்று சொன்னார். ஆரோ ஒரு சிங்களப் பொடியன் காரின் முன்கண்ணாடியில் கமரா பூட்டி, அம்பாறையிலிருந்து கண்டி வரைக்கும் ஓடி, அதை அப்படியே ஏற்றி வைத்திருந்தான்.

யன்னலில் ரோட்டு வந்தது. மஜீட் காக்காவின் வலது கால் தானாக நிலத்தை அமத்தியது.

அன்றிலிருந்து வீட்டில் அவருடைய குரல் திரும்பக் கேட்கத் தொடங்கியது. "ஹோன் அடிடா, மாடு நிக்கிது." "இந்த இடத்துல ஓவர்டேக் பண்ணுவானா மனிசன்?" பொடியன் ஒன்றையும் காதில் வாங்காமல் ஓட்டினான். இரண்டு நாளில் றிபாத்தின் பழைய டெப்லெட் ஒன்றைத் தேடி எடுத்து, அதன் முன்கமராவைத் திறந்து, யன்னலின் வலப்பக்கத்தில் செங்குத்தாகப் பூட்டினார். அதில் அவருடைய முகமும், தோளுக்குப் பின்னால் குசினி வாசலும் தெரிந்தன. பக்கக் கண்ணாடி இல்லாமல் எப்படி ஓட்டுவது? ஸுல்பிகா தேத்தண்ணியோடு பின்னால் வருவதை அதில் பார்த்து, அவள் கூப்பிட முன்னம் கையை நீட்டுவார்.

இதற்கிடையில் செய்தி சுவருக்கு அங்கால் போயிருந்தது. றுஸ்னா வந்தாள். யன்னலையும் வயரையும் பார்த்தாள்.

"ராத்தா, எங்களக் குத்திக் காட்டத்தானே இதச் செஞ்ச?"

"அல்லாவே, இல்ல கா. உன்ட சுவர் இரிக்கிறதே எனக்குச் சந்தோசம்."

"பாத்தியா, திரும்பவும் குத்துறாய்."

சுவர் எழும்பிய காலம் முழுதும் வராத சண்டை, யன்னல் எழும்பியதால் வந்தது. றுஸ்னா அழுதுகொண்டு போனாள். அன்று பின்னேரம் அஸருக்குப் பிறகு ஜவுபர் வந்தார். சட்டைக் கையை மடித்துவிட்டிருந்தார்.

"காக்கா, ஒரு கத கதைக்க வந்த" என்று தொடங்கியவர் யன்னலைப் பார்த்து நின்றார். "இது எவடம்? மஹாஓயாவா?"

"மஹாஓயா தாண்டிட்டுது. இரிங்க."

ஜவுபர் பக்கத்துக் கதிரையில் உட்கார்ந்தார். முன்னால் ஒரு லொறி போனது. "சைட் குடுக்கிறான் இல்லயே" என்றார் ஜவுபர். "குடுக்க மாட்டான். மணல் லொறி" என்றார் மஜீட் காக்கா. பொழுதுபட்டு மஃரிப் பாங்கு சொல்லும் வரைக்கும் இரண்டு பேரும் மணல் லொறிக்குப் பின்னால் போனார்கள். என்ன கதை கதைக்க வந்தேன் என்பது வீட்டுக்குப் போய் மடித்த கையை இறக்கும்போதுதான் ஜவுபருக்கு நினைவு வந்ததாம்.

அதன்பிறகு அவர் நாளாந்தம் வந்தார். புருஷன் எங்கே போகிறான் என்று பார்க்க றுஸ்னாவும் வந்தாள். ராத்தாவோடு பேசாமல் ரோட்டை மட்டும் பார்த்தாள். பார்த்த இடத்தில் பேச்சும் வந்துவிட்டது.

ஸுல்பிகாவுக்கு மட்டும் ஒரு வருத்தம். அவளுக்குப் பஸ் ஒத்துக்கொள்ளாது. கல்யாணம் முடித்த புதிதில் புருஷனுடைய பஸ்ஸிலேயே கொழும்புக்குப் போய், வழி முழுதும் சத்தி எடுத்தவள். அதோடு பயணத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டாள். யன்னலுக்கு முன்னால் இருந்த முதல் நாளே, கார் இரண்டு வளைவு வளைந்ததும் வாயைப் பொத்திக்கொண்டு கிணற்றடிக்கு ஓடினாள். ஜவுபர் வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். அடுத்த நாள் அவள் சத்தி வராமலிருக்கப் புளிமணமுள்ள தேசிக்காய் ஒன்றைக் கையில் வைத்து மணந்துகொண்டு, மஜீட் காக்காவுக்குக் கொஞ்சம் பின்னால் கதிரையைப் போட்டுத் திரும்பவும் உட்கார்ந்தாள். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சத் தூரம் போனாள். நடு வழியில் ஒழும்பிப் போய் உலையைப் பார்த்துவிட்டு வந்து ஏறிக்கொள்வாள்.

ஒருநாள் பின்னேரம் கார் மஹியங்கனையைக் கடந்து, ஹசலக்கையையும் கடந்து, மலை ஏறத் தொடங்கியது. பதினெட்டு வளைவு. மஜீட் காக்காவுக்குக் கண்ணைக் கட்டிவிட்டாலும் ஓட்டக்கூடிய இடம். அவர் எப்போதும் நடுச்சாமத்தில்தான் அதில் ஏறுவார். லைட் வெளிச்சத்தில் தெரிவது ரோட்டும், ஓரத்துக் கல்லும், கொஞ்சம் புல்லும். அதுக்கு அங்கால் இருட்டு. இருட்டு என்றால் அவருக்கு ஒரு கறுப்புச் சுவர் மாதிரி. அதில் சாய்ந்துகொண்டு ஓட்டுவதுபோலத்தான் ஓட்டியிருக்கிறார்.

இப்போது பகல். கார் ஒரு வளைவில் திரும்பியது. ஓரத்துக் கல்லுக்கு அங்கால் ஒன்றுமே இல்லை. கீழே, கீழே, அதற்கும் கீழே வயல்கள் சட்டைப்பையில் வைக்கிற கைலேஞ்சி அளவில் கிடந்தன. ஆறு ஒரு நூல்போல ஓடியது. பறவை ஒன்று ரோட்டுக்குக் கீழே பறந்தது.

"சுபஹானல்லாஹ், என்ன வடிவு!" என்றாள் றுஸ்னா.

மஜீட் காக்கா கதிரையில் பின்னால் நகர்ந்தார். இந்தக் கல்லுக்குப் பக்கத்தால்தான் அவர் ஒரு கையால் வீல் பிடித்து, மறு கையால் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்திருக்கிறார். எதிரே லொறி வந்தால் இன்னும் ஒரு முழம் ஓரத்துக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறார். பின்னால் ஒரு பஸ் நிறைய ஆட்கள் அவரை நம்பி வாயைத் திறந்துகொண்டு தூங்கியிருக்கிறார்கள். அடுத்த வளைவு வந்தது. அவர் கதிரையின் கையை இறுக்கிப் பிடித்தார். அதற்கடுத்த வளைவில் கண்ணை மூடினார்.

ஜவுபரும் றுஸ்னாவும் பள்ளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பின்னால் இருந்த ஸுல்பிகாவுக்குப் பக்கக் கண்ணாடியில் புருஷனுடைய முகம் முழுசாகத் தெரிந்தது. அவள் ஒழும்பி, வயரில் கால் பட்டதுபோல இழுத்துவிட்டாள். யன்னல் அணைந்தது.

"சரி, சரி. போங்க. இண்டைக்கு இவ்வளவும் காணும்" என்றாள்.

சகலனும் றுஸ்னாவும் போன பிறகு அவள் தேசிக்காயை அவருடைய கையில் வைத்தாள். அவர் அதை மணந்தார். சிரிப்பும் வந்தது அவருக்கு. "நான் என்னத்த ஓட்டிருக்கன் புள்ள" என்றார்.

"எல்லாரையும் கொண்டுபோய்ச் சேத்திருக்கீங்க" என்றாள் அவள்.

இந்த விஷயம் அவர்கள் இரண்டு பேரோடும் நின்றது. அது தெரியாமல்தான் ஜவுபர் ஒரு திட்டத்தைக் கொண்டு வந்தார். மஜீட் காக்காவுக்குக் கண் காட்டக் கண்டிக்குப் போகவேண்டி இருந்தது. "நாலு பேரும் பகல் பஸ்ஸில போவம். கண்டிக்குக் கிட்ட அக்குறணையில என்ட கூட்டாளி வீடு இரிக்கி. யன்னல்ல பாத்தத நேருல பாப்பம்" என்றார் ஜவுபர். றுஸ்னா அன்றே உடுப்பு எடுத்து வைக்கத் தொடங்கினாள். வேண்டாம் என்று சொல்ல மஜீட் காக்காவுக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. முப்பது வருஷம் ஓட்டிய ரோட்டுக்குப் பயம் என்று ஆரிடம் சொல்வது?

பஸ்ஸை ஓட்டியவன் காரைதீவுக் கோகுலன். மஜீட் காக்காவிடம் கொண்டக்டராக இருந்து வேலை பழகியவன். அவரைக் கண்டதும் சீட்டை விட்டு இறங்கி வந்தான்.

"காக்கா! நீங்க பின்னால இருக்கிறதா? முன்சீட்டு உங்கடதான், வாங்க. பதினெட்டு வளைவில நான் ஓட்டுறதப் பாத்துப் பிழை சொல்லுங்க."

அப்படியாக, பஸ்ஸிலேயே பள்ளம் ஆகவும் நன்றாகத் தெரிகிற இடம், மரியாதையின் பேரில் அவருக்குக் கிடைத்தது. பக்கத்தில் ஸுல்பிகா, யன்னலோரமாக.

ஹசலக்கை தாண்டியதும் மஜீட் காக்கா கண்ணை மூடிக்கொண்டார். ஸுல்பிகா சத்தி எடுக்கவில்லை. தேசிக்காய் பையிலேயே கிடந்தது. அவள் கண்ணாடியோடு முகத்தை ஒட்டி வைத்துக்கொண்டு, அவருடைய காதுக்குள் சொல்லிக்கொண்டே வந்தாள். "இப்ப இடது பக்கம் மடங்கிற... மெதுவாத்தான் போறான்... மேலால ஒரு வேன் வருது, நிண்டு குடுக்கிறான்... முடிஞ்சிட்டுது. இனி வலது." கண்ணை மூடியிருந்த அவருக்கு அது பழைய இருட்டு மாதிரித்தான் இருந்தது. நடுவில் ஒருதரம் கோகுலன் திரும்பாமலே கேட்டான்:

"எப்பிடிக் காக்கா? சரியா எடுக்கிறனா?"

"ஒரு பிழையும் இல்ல" என்றார் மஜீட் காக்கா, கண்ணைத் திறக்காமல்.

அன்று முழுதும் கோகுலன் அந்தச் சொல்லைச் சந்தித்தவர்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டானாம்.

கண்டியில் கண் டொக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, மருந்தை ஒழுங்காகப் போட்டால் பார்வை இனிக் குறையாது என்றார். தூரத்துப் பொருள் நன்றாகத் தெரிகிறதா என்று கேட்டார். "தேவைக்கு மிச்சமாத் தெரியிது" என்றார் மஜீட் காக்கா.

திரும்பி வருகிற கதை வந்தபோது அவர் பிடிவாதமாக நின்றார். தனக்கு இரவு பஸ்தான் வசதி, உடம்புக்குப் பழக்கம் அது என்றார். ஸுல்பிகாவோ, இருட்டில் என்னத்தைப் பார்க்கிறது, நான் பகலில்தான் வருவேன் என்றாள். சத்திக்குப் பயந்து வீட்டோடு கிடந்தவள் அப்படிச் சொல்வாள் என்று ஆரும் நினைக்கவில்லை. ஆகவே மஜீட் காக்கா தனியாக, கொழும்பிலிருந்து வந்த இரவு பஸ்ஸில் கண்டியில் ஏறி, டிரைவரோடு கதைத்துக்கொண்டு, பாட்டுக் கேட்டுக்கொண்டு, ஒரு கவலையும் இல்லாமல் பதினெட்டு வளைவும் இறங்கி, விடியும்போது ஊரில் நின்றார். மற்ற மூன்று பேரும் காலையில் கண்டியில் ஏறினார்கள்.

அவர் பிளேன்டி ஊற்றிக்கொண்டு கிழக்கு அறைக்கு வந்து இருந்தபோது போன் அடித்தது. ஸுல்பிகா. வீடியோ கோல்.

படம் ஒருதரம் தலைகீழாகப் போய்ப் பிறகு நிமிர்ந்தது. பஸ் யன்னலுக்கு வெளியே அவள் போனைப் பிடித்திருந்தாள். மலை, பள்ளம், வெயில், கீழே நூல்போல ஆறு.

"தெரியிதா? நாலாவது வளைவு. இந்த டிரைவர் கோகுலன் இல்ல, வேறொராள். கொஞ்சம் வேகமா அமத்தித்தான் ஓட்டுறான்."

மஜீட் காக்கா போனை மேசையில் சாய்த்து வைத்தார். முகத்தை அப்பால் எடுக்கவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்.

"போன உள்ளுக்கு எடு புள்ள, விழுந்திரும். அவனுக்கிட்டச் சொல்லு, அடுத்த வளைவுல ஹோன் அடிக்கட்டாம்."

அவள் சொன்னாளோ இல்லையோ, கொஞ்ச நேரத்தில் ஹோன் சத்தம் கேட்டது.